தனிநாடு கேட்பதும் கலகம் செய்வதும் ஒன்றா? (விவாத இழை)

#1 கல்வெட்டு

ஸ்பெயினின் ஒரு மாநிலமான கேட்டலோனியா பற்றிய இன்னொரு இழையில் ஒருவர், "பிரிவினைவாதியும் கலகக்காரனும் ஒன்றுதான், ஜெயித்தால் விடுதலை வீரன், தோற்றால் துரோகி, அவ்வளவுதான்" என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். அதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. அதனால்தான் தனி இழை.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. 2017 அக்டோபர் 1 அன்று கேட்டலோனிய அரசு, அரசியல் சாசன நீதிமன்றம் தடை போட்டிருந்தும், தனிநாட்டு வாக்கெடுப்பை நடத்தியது. மத்திய அரசின் போலீஸ் வாக்குச்சாவடிகளுக்குள் புகுந்து அடித்தது உலகம் முழுக்க டிவியில் வந்தது. வந்து வாக்களித்தவர்கள் சுமார் 43%. அவர்களில் 90% பேர் ஆம் என்றார்கள். வேண்டாம் என்றிருந்தவர்களில் பெரும்பாலோர் வாக்களிக்கவே வரவில்லை. அக்டோபர் 27 அன்று பார்சிலோனாவில் உள்ள கேட்டலோனிய நாடாளுமன்றத்தில் 70 வாக்குகளோடு சுதந்திரத் தீர்மானம் நிறைவேறியது. அதே நாளில் மாட்ரிட் (ஸ்பெயினின் மத்திய அரசு) அரசியல் சாசனத்தின் 155ஆவது பிரிவைப் பயன்படுத்தி மாநில அரசைக் கலைத்தது. முதல்வர் பூஜ்டிமோன் பெல்ஜியம் போய்விட்டார். துணை முதல்வர் ஜுங்கராஸ் உள்ளிட்டவர்கள் சிறைக்குப் போனார்கள்.

அரசு வழக்கறிஞர்கள் போட்ட முக்கியக் குற்றச்சாட்டு கலகம். ஜுங்கராஸுக்கு 25 ஆண்டு கேட்டார்கள். ஸ்பெயின் தண்டனைச் சட்டம் 472ஆவது பிரிவைப் படித்தால் ஒன்று புரியும். கலகத்துக்கான நோக்கங்கள் அங்கே வரிசையாக உண்டு: அரசியல் சாசனத்தைக் கவிழ்ப்பது, நாடாளுமன்றத்தைக் கலைப்பது, இப்படி. நாட்டின் ஒரு பகுதியைச் சுதந்திர நாடாக அறிவிப்பதும் அதில் ஒன்று. ஆனால் அந்த வரிசைக்கு முன்னாலேயே ஒரு நிபந்தனை இருக்கிறது: வன்முறையோடும் பகிரங்கமாகவும் எழுந்திருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் நோக்கம் எதுவாக இருந்தாலும் கலகம் இல்லை.

2019 அக்டோபர் 14 அன்று ஸ்பெயின் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னது அதைத்தான். அங்கங்கே வன்முறை நடந்தது உண்மை. ஆனால் நாட்டைப் பிரிக்கும் கருவியாக அந்த வன்முறை திட்டமிடப்படவில்லை. அதனால் கலகம் இல்லை. ஒன்பது பேருக்கு 'செடிஷன்' குற்றத்துக்கு 9 முதல் 13 ஆண்டு வரை கொடுத்தார்கள். (நம்மூரில் 2024 வரை இருந்த தேசத்துரோகப் பிரிவு 124ஏ இல்லை இது. அங்கே செடிஷன் என்றால் கூட்டமாகத் திரண்டு அதிகாரிகளின் வேலையையும் சட்டத்தையும் தடுப்பது.)

என் கருத்து இது. பிரிந்து போவது என்பது எந்த நாட்டோடு இருப்பது என்ற கேள்வி. கலகம் என்பது இருக்கிற அதிகாரத்தை எப்படி எதிர்க்கிறோம் என்ற கேள்வி. முதலாவது இருந்து இரண்டாவது இல்லாமலும் போகலாம், இரண்டாவது இருந்து முதலாவது இல்லாமலும் போகலாம். இரண்டையும் ஒன்றாகக் கட்டிவிட்டால், வாக்குப் பெட்டி வைத்தவனுக்கும் பீரங்கி வைத்தவனுக்கும் ஒரே தண்டனை என்று ஆகிவிடும். அது அநியாயம்.

#2 மேலவீதி

கல்வெட்டு சார், நீங்கள் தனி ஆட்களைப் பற்றிப் பேசுவது போல எழுதியிருக்கிறீர்கள். இங்கே நடந்தது ஒரு அரசாங்கம் செய்த வேலை. 2017 செப்டம்பர் 6, 7 தேதிகளில் அந்த மாநில நாடாளுமன்றம் இரண்டு சட்டங்களை நிறைவேற்றியது. ஒன்று வாக்கெடுப்புக்கு, இன்னொன்று சுதந்திரத்துக்குப் பிந்தைய இடைக்கால ஆட்சிக்கு. தங்கள் சபையின் சட்ட ஆலோசகர்களே எச்சரித்தும் நிறைவேற்றினார்கள். தங்கள் தன்னாட்சிச் சட்டத்தையே திருத்த மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்று வைத்திருப்பவர்கள், ஒரு நாட்டையே பிரிக்கச் சாதாரணப் பெரும்பான்மை போதும் என்றார்கள். பாதி மக்களின் குடியுரிமை பற்றிய விஷயம் இது!

அவர்கள் கையில் ஆயுதம் தாங்கிய மாநில போலீஸ் இருந்தது. கஜானா இருந்தது. பொதுத் தொலைக்காட்சி இருந்தது. அரசு வழக்கறிஞர் தன் இறுதி வாதத்தில் சட்டத் தத்துவ அறிஞர் கெல்சனை மேற்கோள் காட்டினார். ஒரு சட்ட ஒழுங்கை அந்த ஒழுங்கே அனுமதிக்காத வழியில் மாற்றினால் அதுதான் ஆட்சிக் கவிழ்ப்பு, ரத்தம் சிந்த வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பதுதான் அந்த வாதம். எனக்கு அது சரியாகவே படுகிறது. துப்பாக்கி எடுப்பவனைவிட, அரசு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே அரசியல் சாசனத்தைக் கிழிப்பவன் ஆபத்தானவன்.

#3 பொன்னி

தீர்ப்பில் பெரிய இடம் பிடித்த 2017 செப்டம்பர் 20ஐப் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை.

அன்று காலை பார்சிலோனாவில் மாநில நிதித் துறைக் கட்டடத்தில் சோதனை போட மத்திய காவல் படை வந்தது. செய்தி பரவியதும் வாசலில் கூட்டம் சேர ஆரம்பித்து, சில மணி நேரத்தில் தெரு முழுக்க ஆயிரக்கணக்கில் ஆட்கள். வாசலில் நிறுத்தியிருந்த காவல் வாகனங்களின் மேல் ஏறி நின்றார்கள், டயரைக் கிழித்தார்கள், ஸ்டிக்கர் ஒட்டினார்கள். வண்டிக்குள் துப்பாக்கிகள் இருந்தன, யாரும் அவற்றை எடுக்கவில்லை. சோதனைக்கு வந்த நீதிமன்றச் செயலர் வாசல் வழியாக வெளியே வர முடியவில்லை. கடைசியில் ராத்திரி மொட்டைமாடி வழியாகப் பக்கத்துத் தியேட்டருக்குள் இறங்கி, அங்கிருந்து வெளியே போகிற பார்வையாளர்களோடு கலந்து போனார்.

ஜோர்டி சாஞ்செஸ், ஜோர்டி குஷார்ட் என்று இரண்டு பேர். அரசுப் பதவியில் இருந்தவர்கள் அல்ல, மக்கள் அமைப்புகளின் தலைவர்கள். அந்த வாகனத்தின் மேல் ஏறி மைக்கில் பேசினார்கள். ராத்திரி கூட்டத்தைக் கலைந்து போகச் சொன்னதும் அதே வாகனத்தின் மேல் நின்றுதான். ஆளுக்கு 9 ஆண்டு.

மேலவீதி அண்ணா, அந்தச் செயலர் பட்ட பயம் நிஜம். அதை நான் சின்ன விஷயம் என்று சொல்லவில்லை. ஆனால் இதுவா கலகம்?

#4 நெடுஞ்சாலை

ஸ்பெயினுக்குக் கலகம் எப்படி இருக்கும் என்று நன்றாகவே தெரியும். 1981 பிப்ரவரி 23. லெப்டினன்ட் கர்னல் தெஜெரோ சுமார் 200 காவல் படையினரோடு நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தார், கூரையைப் பார்த்துச் சுட்டார்கள், உறுப்பினர்கள் இருக்கைக்கு அடியில் பதுங்கினார்கள். வலென்சியாவில் டாங்கிகள் தெருவுக்கு வந்தன. கூரையில் அந்தக் குண்டுத் துளைகளை இன்றும் அப்படியே வைத்திருக்கிறார்கள். தெஜெரோவுக்கு ராணுவக் கலகக் குற்றத்துக்கு 30 ஆண்டு.

அவர் தனிநாடு கேட்டவர் இல்லை. ஸ்பெயின் சிதறிப் போகிறதே என்று கோபப்பட்ட கோஷ்டி அது. ஒன்றுபட்ட நாட்டின் பெயராலேயே கலகம் செய்தவர்கள்.

#5 கல்வெட்டு

நெடுஞ்சாலை சொன்னது சரியான உதாரணம். இன்னும் கொஞ்சம் பின்னால் போகிறேன்.

1934 அக்டோபர் 6 அன்று கேட்டலோனிய முதல்வர் கும்பனீஸ், ஸ்பெயின் கூட்டாட்சிக் குடியரசுக்குள் கேட்டலோனிய அரசு என்று அறிவித்தார். மறுநாள் காலைக்குள் ராணுவம் அடக்கிவிட்டது. துப்பாக்கிச் சண்டை நடந்தது, உயிர்கள் போயின. குடியரசின் நீதிமன்றம் கலகக் குற்றத்துக்கு 30 ஆண்டு கொடுத்தது. அதைக்கூட ஒரு மாதிரி புரிந்துகொள்ளலாம். 1936இல் பொது மன்னிப்பில் வெளியே வந்தார்.

அதே 1936 ஜூலையில் ஃபிராங்கோவும் தளபதிகளும் சட்டபூர்வமான குடியரசுக்கு எதிராக எழுந்தார்கள். மூன்று ஆண்டுப் போர், அவர்கள் வெற்றி. பிரான்சில் இருந்த கும்பனீஸை ஜெர்மானியர்கள் பிடித்துக் கொடுத்தார்கள். 1940 அக்டோபர் 15 அன்று மொன்ஜுயிக் கோட்டையில் சுட்டுக் கொன்றார்கள். குற்றச்சாட்டு என்ன தெரியுமா? ராணுவக் கலகம். எழுந்தவர்கள், எழாமல் அரசோடு நின்றவர்களைக் 'கலகக்காரர்' என்று தண்டித்தார்கள். கும்பனீஸ் மட்டுமில்லை, ஆயிரக்கணக்கானவர்களுக்கு இதே பெயரில் இதே கதி.

அதனால்தான் 'வன்முறையோடு' என்ற அந்த நிபந்தனையை நான் இவ்வளவு இறுகப் பிடித்துக்கொள்கிறேன் மேலவீதி சார். நாற்காலியில் உட்கார்ந்து செய்வதும் கலகம்தான் என்று ஒருமுறை ஒத்துக்கொண்டால், அந்தச் சொல்லை யார் கையில் வேண்டுமானாலும் கொடுத்துவிடலாம். சட்டத்தை மீறினார்கள், கீழ்ப்படியவில்லை, பொதுப்பணத்தைச் செலவு செய்தார்கள்; அதற்கெல்லாம் தனித்தனிக் குற்றங்கள் இருக்கின்றன. அவற்றுக்குத் தண்டியுங்கள்.

#6 தென்றல்79

எல்லோரும் ஐரோப்பாவிலேயே சுற்றுகிறீர்கள். இந்தக் கேள்விக்குத் தாய் வழக்கு அமெரிக்காதானே? 1860 டிசம்பர் 20, தென் கரோலினா மாநாடு, பிரிந்து போக ஆதரவாக 169க்கு 0. பிறகு மிசிசிப்பி, ஃப்ளோரிடா, அலபாமா, ஜார்ஜியா, லூசியானா, டெக்சாஸ். தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் கூடி, எந்த வழியில் ஒன்றியத்தில் சேர்ந்தார்களோ அதே வழியில் வெளியேறினார்கள். கல்வெட்டு சொல்லும் அளவுகோலை வைத்துப் பார்த்தால் அது சுத்தமான பிரிவினை. லிங்கன்தான் 75,000 படையினரைக் கூப்பிட்டு அதைப் போராக்கி, பிறகு 'கலகம்' என்று பெயர் வைத்தார். இதற்கு என்ன பதில்?

#7 கல்வெட்டு

நல்ல கேள்வி தென்றல். இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தேதிகளை வரிசையாகப் பாருங்கள். ஜார்ஜியா பிரிவதாகத் தீர்மானம் போட்டது 1861 ஜனவரி 19. ஆனால் சவானா நகருக்குப் பக்கத்தில் இருந்த புலாஸ்கி கோட்டையை ஆளுநர் உத்தரவில் மாநிலப் படை பிடித்தது ஜனவரி 3. அதாவது ஜார்ஜியா அமெரிக்காவின் மாநிலமாக இருக்கும்போதே, அமெரிக்க அரசின் கோட்டையை ஆயுதத்தோடு எடுத்துக்கொண்டது. டெக்சாஸை எடுத்துக்கொள்ளுங்கள். மாநாடு தீர்மானம் போட்டு, மக்கள் வாக்கெடுப்பைப் பிப்ரவரி 23க்கு வைத்தது. அதற்கு ஐந்து நாள் முன்பே, பிப்ரவரி 18 அன்று, சான் அன்டோனியோவில் ஆயுதம் தாங்கிய ஆட்கள் சூழ்ந்து நிற்க, அமெரிக்க ராணுவத் தளபதி ட்விக்ஸ் அந்த மாநிலத்தில் இருந்த மத்திய அரசின் ராணுவ நிலைகள் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டார். மக்கள் வாக்குச்சாவடிக்குப் போவதற்கு முன்பே கோட்டைகள் கை மாறிவிட்டன. ஜனவரி 9 அன்று மத்திய அரசின் சம்டர் கோட்டைக்கு ஆளும் பொருளும் கொண்டுபோன கப்பலைத் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் பீரங்கியால் சுட்டார்கள். அப்போது லிங்கன் பதவிக்கே வரவில்லை. குடியரசுத் தலைவராக இருந்தவர் புக்கானன். அவரோ, பிரிவது சட்டப்படி செல்லாது, ஆனால் ஒரு மாநிலத்தைப் பலவந்தமாகத் தடுக்க எனக்கு அதிகாரம் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தவர். அப்படிப்பட்ட ஆள் இருக்கும்போதே சுட்டார்கள்!

கடைசியில் ஏப்ரல் 12 விடியற்காலை சம்டர் கோட்டைமேல் குண்டு மழை. லிங்கன் படை கூப்பிட்டது அதற்கு மூன்று நாள் கழித்து. அதனால், தீர்மானம் போட்டதை நான் பிரிவினை என்றே சொல்வேன். கோட்டைகளைப் பிடித்ததும் சுட்டதும் கலகம். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக நடந்ததால் ஒன்று இன்னொன்றாகிவிடாது. லிங்கன் 1861 ஜூலை 4 அன்று காங்கிரசுக்கு அனுப்பிய செய்தியில், கலகத்தைச் சர்க்கரை பூசிக் கொடுத்து முப்பது ஆண்டுகளாக மக்கள் மனதை மயக்கிவிட்டார்கள் என்றார். சர்க்கரை என்று அவர் சொன்னது, எந்த மாநிலமும் சட்டப்படியும் அமைதியாகவும் வெளியேறலாம் என்ற அந்த வாதத்தை.

இன்னொன்று. அந்த 169க்கு 0 என்ற கணக்கைப் பார்த்து மயங்க வேண்டாம். 1860 கணக்கெடுப்பின்படி தென் கரோலினாவில் சுமார் 7 லட்சம் பேர். அதில் 4 லட்சம் பேர் அடிமைகள். மாநிலத்தின் பெரும்பான்மையை விலங்கில் வைத்துக்கொண்டு எடுத்த ஒருமனதான முடிவு அது. நான்கு நாள் கழித்து அவர்களே வெளியிட்ட காரண அறிக்கையில் முதன்மையான புகார், தப்பி ஓடிய அடிமைகளை வட மாநிலங்கள் பிடித்துத் தருவதில்லை என்பது. மக்களின் விருப்பம் என்று இதைச் சொல்ல என் நா எழவில்லை.

#8 தென்றல்79

தேதி விவரங்களுக்கு நன்றி. புலாஸ்கி விஷயம் எனக்குப் புதிது. அடிமைமுறை பற்றி நீங்கள் சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

ஆனால் என் சந்தேகம் தீரவில்லை. அவ்வளவு தெளிவான கலகம் என்றால் ஜெபர்சன் டேவிஸை ஏன் தண்டிக்கவில்லை? ஆறு லட்சத்துக்கும் மேல் ஆட்கள் செத்த போரில் பிரிந்து போன தென் மாநிலங்களின் தலைவர் அவர்.

#9 மேலவீதி

இதற்கு நான் சொல்கிறேன்.

டேவிஸ் 1865 மே 10 அன்று ஜார்ஜியாவில் பிடிபட்டார். மன்ரோ கோட்டையில் இரண்டு ஆண்டு சிறை. தேசத்துரோகக் குற்றச்சாட்டு பதிவானது. 1867 மே மாதம் 1 லட்சம் டாலர் ஜாமீனில் வெளியே வந்தார். ஜாமீன் கையெழுத்துப் போட்டவர்களில் அடிமை ஒழிப்புக்காக எழுதிய வடக்கத்திப் பத்திரிகை ஆசிரியர் ஹொரேஸ் கிரீலியும் ஒருவர். விசாரணை நடக்கவே இல்லை. 1868 கிறிஸ்துமஸ் அன்று குடியரசுத் தலைவர் ஜான்சன் கொடுத்த பொது மன்னிப்போடு வழக்கு முடிந்தது.

அரசு தயங்கியதற்குக் காரணம் பயம். வழக்கு வர்ஜீனியாவில் நடக்க வேண்டும், ஜூரி அங்கிருந்து வர வேண்டும். 'என் மாநிலம் சட்டப்படி வெளியேறிவிட்டது, நான் அமெரிக்கக் குடிமகனே இல்லை, பிறகு துரோகம் எங்கிருந்து வந்தது?' என்பதுதான் டேவிஸின் வாதமாக இருந்திருக்கும். ஒரே ஒரு ஜூரி அதை ஏற்றுக்கொண்டால் போதும். நான்கு ஆண்டுப் போர்க்களத்தில் தீர்ந்த கேள்வி நீதிமன்றத்தில் திரும்ப உயிர்த்து எழுந்துவிடும்.

அந்தக் கேள்விக்குப் பதில் வந்தது ஒரு கடன் பத்திர வழக்கில். 1869, டெக்சாஸ் எதிர் வைட். போரின்போது டெக்சாஸ் அரசு விற்ற அமெரிக்க அரசுப் பத்திரங்களைத் திருப்பிக் கேட்டு மாநிலம் வழக்குப் போட்டது. டெக்சாஸ் ஒரு மாநிலமா இல்லையா என்று முடிவு செய்தால்தான் அந்த வழக்கை எடுக்கவே முடியும். அமெரிக்க உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி சேஸ், அழிக்க முடியாத மாநிலங்களால் ஆன அழிக்க முடியாத ஒன்றியம் இது என்றார். பிரிவினைத் தீர்மானம் செல்லாது, டெக்சாஸ் ஒரு நாள்கூட வெளியேறவில்லை. ஐந்துக்கு மூன்று.

எனக்கு அதில் பிடித்தது இன்னொரு பகுதி. அந்த ஆண்டுகளில் நடந்த கல்யாணம், சொத்துக் கைமாற்றம் போன்ற அன்றாட விஷயங்களுக்கான சட்டங்கள் செல்லும், கலகத்துக்கு உதவியாகச் செய்தவை மட்டும் செல்லாது என்றார் சேஸ். ஒரே சட்டமன்றத்தின் வேலையை அவர் இரண்டாகப் பிரித்துப் பார்த்தார். இந்த இடத்தில் கல்வெட்டு சொல்லும் பிரிப்பை நானும் ஏற்கிறேன்.

ஆனால் தெற்கின் ஆட்களிலேயே சிலருக்கு இது முன்பே தெரியும். ராபர்ட் லீ 1861 ஜனவரியில் மகனுக்கு எழுதிய கடிதத்தில், பிரிவது என்பது புரட்சியே தவிர வேறில்லை என்று எழுதினார். பிறகு அந்தப் பக்கமே போய்ச் சேர்ந்து படை நடத்தினார். தெரியாமல் செய்தார் என்று யாரும் சொல்ல முடியாது.

#10 பொன்னி

அப்படியென்றால் ஒருதலைப்பட்சமாகப் பிரிந்து, கலகம் ஆகாமல் போன நாடு ஒன்றுகூட இல்லையா?

#11 நெடுஞ்சாலை

இருக்கிறது அக்கா. நார்வே. 1905 ஜூன் 7 அன்று அவர்கள் நாடாளுமன்றம் ஸ்வீடனோடு இருந்த ஒன்றியம் முடிந்தது என்று அறிவித்தது. ஆகஸ்டில் வாக்கெடுப்பு: வேண்டும் என்று மூன்றரை லட்சத்துக்கும் மேல், வேண்டாம் என்று 184 பேர். எண்ணிப் பாருங்கள், 184! இரண்டு பக்கமும் எல்லையில் படையைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள், ஆனால் சுடவில்லை. கார்ல்ஸ்டாட் நகரில் உட்கார்ந்து பேசி முடித்தார்கள். அந்த ஆண்டே ஸ்வீடன் ஏற்றுக்கொண்டது. ஆனால் ஒன்று, அது ஒரு மன்னரின் கீழ் இரண்டு நாடுகள் சேர்ந்திருந்த ஏற்பாடு. கேட்டலோனியாவோடு நேராக ஒப்பிட முடியாது.

#12 வைகைக்கரை

நம்ம பக்கத்து விஷயத்தையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன், சம்பந்தம் இருப்பதால். திராவிட நாடு கோரிக்கையை அண்ணா 1962இல் மாநிலங்களவையிலேயே எழுந்து பேசினார். அது மேடைப் பேச்சு, தேர்தல், பத்திரிகை என்று நடந்த கோரிக்கை. மறு ஆண்டு 16ஆவது திருத்தம் வந்தது. நாட்டின் இறையாண்மைக்காகவும் ஒருமைப்பாட்டுக்காகவும் பேச்சுரிமையைக் கட்டுப்படுத்தலாம், வேட்பாளர்கள் அதைக் காப்பதாக உறுதிமொழி எடுக்க வேண்டும் என்று. திமுக கோரிக்கையைக் கைவிட்டது, 1967இல் அந்த உறுதிமொழியை எடுத்துக்கொண்டே ஆட்சிக்கு வந்தது.

கலகம் நடக்காத இடத்தில் பிரிவினைப் பேச்சையே சட்டம் தடுத்த உதாரணம் இது. ஸ்பெயினில் அப்படி இல்லை. தனிநாடு கேட்கும் கட்சிகள் அங்கே வெளிப்படையாகத் தேர்தலில் நின்று ஜெயிக்கின்றன.

#13 கல்வெட்டு

வைகைக்கரை சொன்ன வித்தியாசம் முக்கியம். ஆசையைத் தடுப்பது ஒன்று, செயலைத் தண்டிப்பது வேறு.

மேலவீதி சார் சொன்ன டெக்சாஸ் தீர்ப்பிலேயே ஒரு வாசல் திறந்திருக்கிறது. புரட்சியாலோ மாநிலங்களின் சம்மதத்தாலோ தவிர வெளியேற முடியாது என்றுதான் சேஸ் எழுதினார். சம்மதத்தை எப்படிப் பெறுவது என்று அவர் சொல்லவில்லை. அதைக் கனடா உச்ச நீதிமன்றம் 1998இல் சொன்னது. கனடாவின் கியூபெக் மாநிலத்தில் 1995இல் நடந்த வாக்கெடுப்பில் பிரிய வேண்டாம் என்றவர்கள் 50.58%, அவ்வளவு நெருக்கத்தில் தப்பிய நாடு அது. கியூபெக்குக்குத் தானாக வெளியேறும் உரிமை கிடையாது, ஆனால் தெளிவான கேள்விக்குத் தெளிவான பெரும்பான்மை ஆம் என்றால் மற்றவர்கள் உட்கார்ந்து பேசியே ஆக வேண்டும் என்றது நீதிமன்றம். மாட்ரிட் முன்பே அப்படி ஒரு பேச்சுவார்த்தை மேசையைப் போட்டிருந்தால் மொட்டைமாடி வழியாக யாரும் இறங்க வேண்டி வந்திருக்காது என்று நான் நம்புகிறேன்.

ஜெர்மனியையும் மறக்க வேண்டாம். 2018 மார்ச்சில் பூஜ்டிமோன் அங்கே பிடிபட்டார். ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் நீதிமன்றம், நடந்த வன்முறை ஒரு அரசின் கையை முறுக்கும் அளவுக்கு இல்லை, எங்கள் சட்டப்படி இது பெருந்துரோகம் ஆகாது என்று சொல்லி, பணக் கையாடல் குற்றத்துக்கு மட்டும் ஒப்படைக்கலாம் என்றது. ஸ்பெயின் வாரண்டையே திரும்பப் பெற்றுக்கொண்டது. ஸ்பெயின் நீதிபதிகளும் மறு ஆண்டு கிட்டத்தட்ட அதே இடத்துக்குத்தான் வந்தார்கள். அரசிதழின் சில பக்கங்களைக் காட்டியதுமே அடங்கிப் போன முயற்சி என்று எழுதினார்கள். தீர்மானம் நிறைவேறிய பிறகும் பார்சிலோனா அரசு மாளிகையின் மேல் ஸ்பெயின் கொடி பறந்துகொண்டுதான் இருந்தது.

#14 மேலவீதி

அரசிதழைக் காட்டியதும் அடங்கியது என்றால், அதற்குக் காரணம் அரசு உறுதியாக நின்றதுதான். அடங்கியதால் முயற்சியே இல்லை என்று ஆகாது. இதில் நான் மாறப்போவதில்லை. 'கலகம்' என்ற சொல் பொருந்தவில்லை என்ற உங்கள் வாதத்தை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பதவியில் இருந்துகொண்டு அரசியல் சாசனத்தை ஓரம் கட்டுவதற்கென்று தனியாக ஒரு குற்றம் வேண்டும், அதற்கான தண்டனையும் கடுமையாக இருக்க வேண்டும்.

இப்போது அங்கே நடந்திருப்பது அதற்கு நேர்மாறு. 2021 ஜூனில் ஒன்பது பேரையும் மன்னித்து வெளியே விட்டார்கள். செடிஷன் குற்றத்தையே சட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள், 2023 ஜனவரியிலிருந்து அது கிடையாது. 2024இல் பொது மன்னிப்புச் சட்டம். கலகப் பிரிவு மட்டும் அந்த 'வன்முறையோடு' என்ற நிபந்தனையோடு அப்படியே இருக்கிறது. நாளை இன்னொரு மாநில அரசு, தடியும் எடுக்காமல் கல்லும் எறியாமல், 2017 செப்டம்பரில் செய்ததையே திரும்பச் செய்தால் எந்தப் பிரிவில் வழக்குப் போடுவது? கீழ்ப்படியாமை என்று அபராதமும் பதவித் தடையும் போடலாம், பணம் செலவு செய்திருந்தால் கையாடல் போடலாம். அதற்கு மேல்?

#15 கல்வெட்டு

அதற்கு மேல் 155ஆவது பிரிவு இருக்கிறது சார். 2017இல் வேலை செய்தது அதுதான். ஆட்சியைக் கலைத்து, டிசம்பர் 21 அன்று தேர்தல் வைத்தார்கள். தனிநாடு கேட்ட கட்சிகளே திரும்பப் பெரும்பான்மை பெற்றன, ஆனால் அந்தத் தீர்மானம் திரும்ப வரவில்லை. யாரையும் 13 ஆண்டு உள்ளே வைப்பதற்கு முன்பே அது முடிந்திருந்தது.